கணினிவழி வடிவமைப்பு என்றால் என்ன? பொறியியலில் அது எதற்கு?

ஒரு பொருளின் வடிவத்தையும் அளவுகளையும் கணினியில் துல்லியமாக உருவாக்குவதுதான் ‘கேட்’ எனப்படும் கணினிவழி வடிவமைப்பு. வெறும் படம் அல்ல. அளவுகளுக்கு இடையிலான உறவும் அதில் பதிவாகிறது. கணக்கு அட்டவணையில் ஒரு எண்ணைத் திருத்தினால் கூட்டுத்தொகை தானே மாறுமே, அதுபோல. தகட்டின் அகலத்தை 80 மி.மீ.யிலிருந்து 100 ஆக்கினால், நடுவில் இருக்கவேண்டும் என்று வரையறுத்த துளை தானாக நகரும். முன், மேல், பக்கத் தோற்றங்களும் திருந்தும். காகிதத்தில் ஒவ்வொன்றையும் அழித்து வரையவேண்டும். ஒன்று விட்டுப்போனால் பட்டறையில்தான் தெரியவரும்.

முதலில் தட்டையாக உருவரை, பிறகு அளவுகளும் கட்டுப்பாடுகளும் (‘துளை நடுவில் இருக்கவேண்டும்’ போன்ற நிபந்தனைகள்), கடைசியில் தடிமன். கட்டுப்பாடுகளை அரைகுறையாக விட்டால், பின்னால் ஓர் அளவைத் திருத்தும்போது உருவமே கோணிக்கொள்ளும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பாகங்களைச் சேர்த்து எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம், எடை கணக்கிடலாம், முப்பரிமாண அச்சுக்கு அனுப்பலாம். (அச்சுக்கு அனுப்பப் பயன்படும் ‘எஸ்டிஎல்’ வகைக் கோப்பில் அலகு பதிவாவதில்லை. மி.மீ.யா அங்குலமா என்று கவனிக்காவிட்டால் பொருள் 25.4 மடங்கு மாறிவிடும்.)

திரையில் பொருந்துவது நிஜத்திலும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள், 20 மி.மீ. துளையில் 20 மி.மீ. தண்டு திரையில் கச்சிதமாக அமரும், ஆனால் நிஜத்தில் இடைவெளி இல்லாமல் எளிதில் நுழையாது. எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை வடிவமைப்பவர்தான் குறிக்கவேண்டும்.