ரயில் வருது என்று சைட் வாங்கலாமா?

கோவையில் சொத்து மதிப்பீடு செய்கிற வேலை எனக்கு. லைட் ரயில் (மெட்ரோவைவிடச் சிறிய நகர ரயில்), மெட்ரோ வந்தால் நில விலை என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

நீலாம்பூரிலிருந்து: அண்ணா, மெட்ரோ வருதுன்னு சொல்லி சென்ட்டுக்கு ஏத்திக் கேக்கறாங்க. வாங்கலாமுங்களா?

அவசரப்படாதீங்க தம்பி. உக்கடத்திலிருந்து அவினாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை ஒரு பாதை திட்ட அறிக்கையில் இருந்தது உண்மைதான். ஆனால் 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம், 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்கு 16 லட்சம்கூட இல்லை. அத்தனை பழைய கணக்கை வைத்து இன்றைய கோவையை அளப்பது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் புரோக்கர் உங்களிடம் கேட்பது வராத ரயிலுக்கும் சேர்த்த விலை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். திட்டம் பேச ஆரம்பித்த பிறகு ஒரே சைட் இரண்டு மூன்று கை மாறியிருக்கிறது, யாரும் வீடு கட்டவில்லை என்றால், அந்த விலை வியாபாரிகள் தங்களுக்குள் ஏற்றிக்கொண்டது. குடியிருக்க வந்தவர் யாரும் கொடுத்ததில்லை.

சரவணம்பட்டியிலிருந்து: சரி, நிஜமாவே வந்துட்டா எவ்வளவு ஏறும்?

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து லைட் ரயிலை வைத்து 2007இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நிலையத்திலிருந்து கால் மைல், அதாவது 400 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, அந்நகரத்தின் நடுத்தர வீட்டு விலையில் 2 முதல் 5 சதவீதம்தான். அதிலும் வசதியானவர்கள் இருக்கும் நிலையங்களின் பக்கம் விலை ஏறியது, ஏழைப் பகுதிகளில் இறங்கியது. அது ஆள் குறைந்துகொண்டிருந்த ஊர், நம்முடையது பெருகுகிற ஊர், அதனால் இங்கே கூடுதலாக ஏறலாம். ஆனாலும் ரயில் மட்டும் விலையைத் தூக்கிவிடாது. தண்ணீர், நல்ல ரோடு, பக்கத்தில் வேலை, இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற இடத்தில்தான் ரயிலும் சேர்ந்து தூக்கும்.

கணபதியிலிருந்து: எங்க வீட்டு வாசல்லயே பாதை போனா லாபந்தானுங்களே?

இல்லை அம்மிணி. பாதையால் கிடைப்பது சத்தமும் மறைப்பும், விலையை ஏற்றுவது நிலையம். அதையும் மேப்பில் கோடு போட்டு அளக்காதீர்கள், நடந்து பாருங்கள். 300 மீட்டர் என்று காட்டும், நடுவில் கடக்க முடியாத ரோடும் காம்பவுண்டுச் சுவரும் இருந்தால் சுற்றிப் போக முக்கால் கிலோமீட்டர் ஆகிவிடும். உங்கள் சத்தி ரோடு அங்கே குறுகல் வேறு. வாசலை ஒட்டிப் போவதாக இருந்தால், கையகப்படுத்தலில் எத்தனை அடி போகும் என்பதுதான் முதல் கேள்வி.

காந்திபுரத்திலிருந்து: கடை வாடகை?

வேலை நடக்கும் வருடங்களில் தகரத் தடுப்பும் தூசியும் பார்க்கிங் இல்லாததும் வியாபாரத்தை அடிக்கும். வாடகை ஒப்பந்தத்தில் அந்தக் காலத்துக்கு வாடகைக் குறைப்பு என்று இப்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.