செத்தவர் எழும்பி வந்தால்: விண்வெளி நாவல்கள் பற்றிச் சில கேள்வி பதில்

படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒட்டி எழுதப்படும் விண்வெளி நாவல்களில் பாத்திரங்கள் சாவதும் மீண்டு வருவதும் பற்றி, திருகோணமலைப் பக்க வாசகர்கள் கேட்டவை இவை. இந்த வகைப் புத்தகங்களை விடாமல் வாசிக்கிறவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: கீழே பல கதைகளின் முடிவு வெளிப்படும்.

உவர்மலையிலிருந்து: டீச்சர், ஸ்டார் வோர்ஸ் படங்களில் ஹான் சோலோவோடு திரியும் உரோமம் மூடிய தோழன் சூபாக்காவை நாவலில் கொன்ற எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல் வந்ததாமே, உண்மையா?

உண்மைதான். 1999இல் வந்த 'வெக்டர் பிரைம்' நாவலை எழுதிய ஆர். ஏ. சல்வடோர் தானே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அந்தக் காட்சியைச் சொல்ல வேண்டும். செர்ன்பிடல் என்ற கோளின் மீது அதன் நிலவையே எதிரிகள் இழுத்து விழுத்துகிறார்கள். படங்களின் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவின் கப்பலில் சனங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஹானின் கடைசி மகன் அனகின் வெளியே அகப்பட்டுக்கொள்கிறான். சூபாக்கா அவனை மீட்டுத் தகப்பனிடம் சேர்க்கிறான், ஆனால் தான் ஏற முடியவில்லை. இன்னொரு முறை திரும்பிப் போனால் எல்லாரும் சாவார்கள் என்று கணக்குப் பார்த்துக் கப்பலை மேலே எடுப்பவன் அனகின். கீழே சூபாக்கா விழுகிற நிலவைப் பார்த்து உறுமிக்கொண்டு நிற்கிறான். மகன் செய்தது சரி என்று ஹானுக்குத் தெரியும், ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. அடுத்தடுத்த புத்தகங்களில் தகப்பனும் மகனும் படும் பாடு அந்தச் சாவை விடக் கனமானது.

ஆனால் சாவை முடிவு செய்தது சல்வடோர் இல்லை. உரிமை வைத்திருக்கும் நிறுவனமும் பதிப்பாளரும் முதலே பேசி, யார் சாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் எழுத ஆள் தேடுவார்கள். முதலில் படங்களின் முதன்மை நாயகன் லூக்கைக் கொல்லும் யோசனை இருந்தது. ஸ்டார் வோர்ஸைப் படைத்த ஜோர்ஜ் லூக்காஸ் தரப்பு வேண்டாம் என்றது. மிரட்டல் போனது கூலிக்கு எழுதியவருக்கு.

கிண்ணியாவிலிருந்து: அப்படியானால் ஏன்தான் கொல்கிறார்கள்? விற்பனைக்கா?

விற்பனைக்கும்தான். ஆனால் 90களின் ஸ்டார் வோர்ஸ் நாவல்களை வரிசையாக வாசித்தவர்களுக்கு வேறு காரணமும் தெரியும். எந்த ஆபத்து வந்தாலும் நாயகர்கள் தப்பிவிடுவார்கள் என்று ஆகிவிட்டது, அதனால் ஆபத்தே சலித்துப்போனது. உரிமம் புதுப் பதிப்பகத்தின் கைக்கு மாறியதும் 19 நாவல்கள் கொண்ட தொடர் ஒன்றைத் தொடங்கி, முதல் புத்தகத்திலேயே ஒருவரைப் பலி கொடுத்தார்கள். 2001இல் அதே அனகினும் செத்தான். பின்வந்த சாவுகளை விட அவனுடையது நன்றாக எழுதப்பட்டது என்பது என் கட்சி.

பாலையூற்றிலிருந்து: ஸ்டார் வோர்ஸ் நாவல்களில் மாரா ஜேட்டைக் கொன்றதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. நான் மட்டும்தானா அக்கா?

நீங்கள் மட்டும் இல்லை, நானும்தான். 1991இல் திமொத்தி ஸான் படைத்த பெண் அவள். லூக்கைக் கொல்லத் துடித்தவள், பிறகு அவனுடைய மனைவியானாள். 2007இல் வேறொரு எழுத்தாளரின் நாவலில், லூக்கின் மருமகனும் அனகினின் அண்ணனுமான ஜேசன் அவளை நஞ்சு வைத்துக் கொல்கிறான். ஜேசன் எவ்வளவு கெட்டுப்போனான் என்று காட்டுவதற்கு அவளுடைய உயிர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பதினாறு வருடம் வளர்ந்த பாத்திரத்தை இன்னொருவன் கதையில் ஒரு படிக்கட்டாக வைத்தால் வாசகர் கொதிக்கத்தான் செய்வார்கள்.

மூதூரிலிருந்து: ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கப்டன் ஜேன்வேயை நாவலில் கொன்று, பிறகு வாசகர் எதிர்ப்புக்குப் பயந்து உயிர்ப்பித்தார்களாமே?

பயந்து என்று நான் சொல்லமாட்டேன். 2007இல் பீட்டர் டேவிட் எழுதிய நாவலில் அவள் செத்தாள். தொலைக்காட்சியில் ஏழு பருவம் கப்பலைக் கட்டியாண்ட பெண், தன்னுடைய தொடர்கூட இல்லாத ஒரு புத்தகத்தில், இன்னொரு கப்டனான பிக்கார்டின் கதை வரிசையில் முடிக்கப்பட்டாள். அதுதான் பலருக்கு எரிச்சல். திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுப் பலர் இயக்கமே நடத்தினார்கள். 2012இல் கேர்ஸ்டன் பேயர் எழுதிய 'த இட்டர்னல் டைட்' நாவலில் அவள் மீண்டாள்.

நடுவில் கிடக்கும் வருடங்களைப் பாருங்கள். பேயர் 2009இல் எழுதிய 'ஃபுல் சேர்க்கிள்' நாவலில் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த சக்கோட்டே துக்கத்தில் உடைந்து, கப்பலின் தலைமையையே இழக்கிறான். அவள் இல்லாமல் வாழப் பழகிய பிறகு அவள் வருகிறாள். எல்லாரும் பாய்ந்து கட்டிப்பிடித்து, பழையபடி வேலையைப் பார்க்கவில்லை. மீட்சி நல்லதா என்று நான் பார்ப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்: செத்ததால் மற்றவர்களுக்கு நடந்தது அழியாமல் இருக்கிறதா? அவள் வந்த விதம், எல்லாம் வல்ல ஒருவனின் கை உள்ளே புகுந்த வித்தை, எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் தேறிவிடுகிறது.

சாம்பல்தீவிலிருந்து: ஸ்டார் ட்ரெக்கின் ட்ரிப் டக்கரும் இப்படித்தான் செத்து மீண்டானா?

2005இல் 'என்டர்பிரைஸ்' தொடரின் கடைசி அத்தியாயம் அவனைச் சப்பென்று கொன்றது. 2007 நாவல் ஒன்று, அது நாடகம், எதிரி இனமான ரொமுலன்களிடம் உளவு பார்க்கப் போகத்தான் செத்ததாக நடித்தான் என்றது. வாசகர்கள் கொண்டாடினார்கள், நானும்தான். ஸ்டார் ட்ரெக்கின் பழைய கப்டன் கேர்க்கின் கதை இன்னும் வேடிக்கை. 1994 படத்தில் செத்தான், 1996 நாவலில் எழுந்தான். அந்த நாவலின் எழுத்தாளர்களில் முதலில் நிற்கும் பெயர் வில்லியம் ஷட்னர், கேர்க்காக நடித்த மனுஷனேதான்!

உட்துறைமுக வீதியிலிருந்து: நம் ஊர்க் கடலில் முக்குளித்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதைகளிலும் இப்படி உண்டா?

உண்டு. 1956இல் மைக் வில்சனோடு சுவாமி மலை அடிவாரத்தில் முக்குளித்து, கோணேசர் கோயிலின் விழுந்த தூண்களைக் கண்டவர். 1968இல் படத்தோடு சேர்த்து எழுதிய '2001' கதையில் விண்வெளி வீரன் ஃபிராங்க் பூலைச் சாகவிட்டார். 1997இல் '3001' நாவலில், ஆயிரம் வருடம் விண்வெளியில் உறைந்து கிடந்த உடலை எடுத்து உயிர்ப்பித்தார். பூல் கண்ணைத் திறக்கும்போது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சும்மா கிடைத்த உயிர் இல்லை அது.

இன்னொன்று: '2001' நாவலில் கப்பல் சனிக்குப் போகும், படத்தில் வியாழனுக்கு. 1982இல் '2010' எழுதும்போது கிளார்க் தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் சாய்ந்தார். எழுதியவரே திரைக்கு வழிவிட்டார் என்றால், கூலிக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்?

நிலாவெளியிலிருந்து: 2014இல் எல்லாம் ரத்து என்றார்களே. அழுததெல்லாம் வீணா?

ஏப்ரல் 2014இல் பழைய ஸ்டார் வோர்ஸ் நாவல்களை புதுப் படங்களின் கதையில் சேராதவையாக, 'லெஜெண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கினார்கள். 2015 படத்தில் சூபாக்கா சுகமாக இருக்கிறான், செத்தது ஹான். ஸ்டார் ட்ரெக் ஆட்கள் வேறு வழி எடுத்தார்கள். புதுத் தொலைக்காட்சித் தொடர் நாவல்களின் காலவோட்டத்தோடு பொருந்தாமல் போனதும், 2021இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களில் அந்தக் காலவோட்டத்துக்கே முறையாக முடிவு எழுதினார்கள். வரிசையாகச் சாவு விழுகிற, வாசிக்கக் கஷ்டமான புத்தகங்கள். ஆனால் அறிக்கை விட்டு ஒதுக்குவதை விட இது மரியாதை.

உப்புவெளியிலிருந்து: இதுவரை ஒன்றும் வாசிக்கவில்லை. எதில் தொடங்கலாம்?

ஸான் 1991 முதல் 1993 வரை எழுதிய மூன்று நாவல்களில் தொடங்குங்கள், முதலாவது 'எயர் டு த எம்பயர்'. த்ரோன் என்ற தளபதி அதில் வருவான். 2016இல் திரைக்கும், 2017இல் ஸானின் கையாலேயே புது நாவலுக்கும் வந்த அதே ஆள். 'வெக்டர் பிரைம்' பிறகு பார்க்கலாம். பழைய பிரதி கிடைத்தாலும் வாங்குங்கள். புது அச்சில் அட்டையில் லெஜெண்ட்ஸ் என்று ஒரு பட்டை இருக்கும், உள்ளே கதை ஒன்றுதான்.