'செத்துட்டார்' என்று சொன்னால் என்ன தப்பு? 'தவறிட்டார்' என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

கேட்டவர் ஏதோ சாவு வீட்டில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் போல. நானும் உங்கள் கட்சிதான்.

நான் வடசென்னைக்காரன். எங்கள் தெருவில் ஆள் போய்விட்டால் 'பூட்டாரு', கிண்டலாக என்றால் 'டிக்கெட் வாங்கிட்டாரு'. மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த நேரம், அவள் சித்தப்பாவிடமிருந்து போன்: "மாப்ள, எங்க பெரியண்ணன் தவறிட்டாவ."

"ஐயோ, எங்க தவறுனாரு? அடி பலமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க கெளம்பி வாங்க" என்று வைத்துவிட்டார்.

காலையில் இரண்டு கிலோ சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் இறங்கினால் வாசலில் பந்தல், சங்குச் சத்தம். அதே பையோடு மாலை வாங்க ஓடினேன். அன்றிலிருந்து அந்த ஊரில் நான் 'சாத்துக்குடி மாப்பிள்ளை'.

'இதுகூடத் தெரியாதா' என்று கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள். வளர்ந்த இடத்தில் காதில் விழாத சொல் யாருக்கும் தெரியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதை நன்னூலே ஒரு வழக்காக ஒத்துக்கொள்கிறது. செத்தார் என்பதைத் 'துஞ்சினார்' என்பது, சுடுகாட்டை 'நன்காடு' என்பது எல்லாம் அதில் சேர்த்தி. துஞ்சுதல் என்றால் தூங்குதல். புறநானூற்றில் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்று வரும்போது, குளத்தங்கரையில் குட்டித் தூக்கம் போட்ட ராஜா என்றே பள்ளியில் நினைத்திருந்தேன். குளமுற்றம் அவர் இறந்த இடம். காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழரையும் கல்வெட்டு 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கிறது.

இன்றைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சாவைச் சொல்லும் சொல்லை வைத்தே அது எந்த மதத்து வீடு என்று சொல்லிவிடலாம். 'சிவலோக பதவி' என்றால் சைவர். 'இயற்கை எய்தினார்' என்றால் பெரும்பாலும் சாமி இல்லை என்கிறவர். 'கர்த்தருக்குள் நித்திரை' என்றால் கிறிஸ்தவர். நித்திரையும் பழைய துஞ்சுதலும் ஒன்றுதானே?

போன மாதம் அதே சித்தப்பா போன். "மாப்ள, உங்க அத்தை விழுந்துட்டாவ."

"விழுந்துட்டாங்கன்னா... விழுந்துட்டாங்களா?"

"தரையிலதான் மாப்ள. இந்தத் தடவ சாத்துக்குடியோட வாங்க."