லண்டனில் எம்.ஏ. மானிடவியல்: வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகள் மூன்றாண்டு பி.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறாள். லண்டனில் ஓராண்டு எம்.ஏ. சமூக மானிடவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிறகு பிஎச்.டி., பேராசிரியர் வேலை என்பது அவள் கனவு. வங்கி வீட்டை ஈடாகக் கேட்டு, 35 லட்சம் தரத் தயார். நான் ஓய்வுபெற 4 ஆண்டு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: படிக்கட்டும், இந்தக் கடன் வேண்டாம்.

வட்டி 10.5%, தவணைக்காலம் 10 ஆண்டு என்று வையுங்கள். படிக்கும் ஓராண்டும் அடுத்த ஓராண்டும் தவணை கிடையாது என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுத்தொகையையும் முதலிலேயே எடுத்தால் 2 ஆண்டுத் தனிவட்டி மட்டும் 7.35 லட்சம். அதை அசலோடு சேர்த்தால் மாதத் தவணை சுமார் 57,000 ரூபாய். அப்போது மகள் பிஎச்.டி.யில் இருப்பாள். தவணை உங்கள் தலையில்தான் விழும், அதுவும் ஓய்வுபெறும் நேரத்தில்.

இந்தத் துறையில் பெரும்பாலும் எம்.ஏ. பணம் கேட்கும், பிஎச்.டி. பணம் தரும். அமெரிக்காவின் முன்னணித் துறைகள் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் செலவுக்கும் கொடுக்கின்றன. மூன்றாண்டு பி.ஏ.வை மட்டும் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள், எம்.ஏ. தேவை. அதை இங்கேயே முடிக்கலாம்: சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றிலும் மானிடவியல் துறை உண்டு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சமூகவியல் என்ற பலகைக்குள்ளேயே சமூக மானிடவியலும் நடக்கிறது. எம்.ஏ.வில் 55% எடுத்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டில், பிஎச்.டி. ஆய்வுக்கு அரசு தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெற்றால் 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், 2 ஆண்டு கழித்து 42,000. களப்பணிக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளை, எந்த நாட்டு முனைவர் பட்ட மாணவருக்கும் 25,000 டாலர் வரை தருகிறது.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பும் பட்டியல் சாதி மாணவர்கள் கவனிக்க: 2022 விதிகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டன. தமிழகக் கிராமத்தில் களப்பணி செய்ய நினைக்கும் மானிடவியல் மாணவரை இது நேராகத் தாக்குகிறது. என் பார்வையில் அபத்தமான விதி.

லண்டன்தான் என்றால், இடத்தை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டுவிட்டு, லண்டனின் சோயாஸ் பல்கலைக்கழகத்திலும், லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டிலும் இந்தியருக்கு உள்ள ஃபீலிக்ஸ் உதவித்தொகைக்கு முயலுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இப்போதைக்கு ஆகாது. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். விசாவுக்குச் சொந்தப் பணத்தைக் காட்டுவதானால், மீதிக் கட்டணத்தோடு 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சீட்டுப் பணத்தைப் போட்டு, அவசரத்துக்கு எடுத்து, மறுநாள் திரும்பப் போடும் வீடுகளில்தான் இது நடக்கிறது.