பால்ட்வின் ஏன் வீழ்ந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ரயில் எஞ்சின்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் நிறுவனம் 70,000க்கும் மேற்பட்ட எஞ்சின்களைக் கட்டியது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட நிறுவனம் 1956இல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்தியிருக்கிறது. டீசல் வரப்போவது அவர்களுக்குத் தெரியவில்லையா? போர்க்காலக் கட்டுப்பாடுதான் காரணம் என்றும் சிலர் சொல்கிறார்களே?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்திருந்தது. 1925இலேயே சோதனைக்காக ஒரு டீசல் எஞ்சினைக் கட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். கண்மூடிக் கிடந்தார்கள் என்ற வழக்கமான கதை எனக்கு உடன்பாடில்லை. தொழில் செய்த முறைதான் அவர்களைக் கவிழ்த்தது.

நகைத் தொழிலிலிருந்து வந்த மத்தியாஸ் பால்ட்வின் 1832இல் ‘ஓல்டு அயர்ன்சைட்ஸ்’ எஞ்சினைக் கட்டினார். அப்போதிருந்தே அங்கே நீராவி எஞ்சின் என்பது பெரும்பாலும் சொல்லிச் செய்விக்கும் பொருள். எங்கள் பாதையில் ஏற்றம் இவ்வளவு, பாலம் தாங்கும் எடை இவ்வளவு, கிடைக்கும் நிலக்கரி இப்படி என்று ஒவ்வொரு ரயில்வேயின் பொறியாளரும் சொல்வார். அதற்கேற்பச் சக்கரத்தின் விட்டமும் கொதிகலனின் அளவும் மாறும். பத்து, இருபது எஞ்சின்களுக்காகப் புதிதாக வரைபடம் போடுவார்கள். பால்ட்வினின் போட்டியாளரான ஆல்கோ நிறுவனம் கட்டிய ‘பிக் பாய்’ நீராவி எஞ்சினும் அப்படிப் பிறந்ததுதான். யூட்டாவின் வசாட்ச் மலையேற்றத்துக்காக யூனியன் பசிபிக் ரயில்வே கேட்டது. 1941இலும் 1944இலுமாக மொத்தமே 25 எஞ்சின்கள். ஆல்கோவின் ஸ்கெனெக்டடி பட்டறையில் யாரோ ஒரு தொழிலாளி முதல் எஞ்சினின் முகப்பில் சாக்குக் கட்டியால் எழுதிய பெயர் அது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பெயர் நிலைத்துவிட்டது.

ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் எஞ்சின் நிறுவனமான எலக்ட்ரோ-மோட்டிவ் இந்த வழக்கத்தையே தலைகீழாக்கியது. 1939இல் நான்கு எஞ்சின் பெட்டிகளைக் கோத்த, 5,400 குதிரைத்திறனுள்ள ‘எஃப்.டி.’ டீசல் சரக்கு எஞ்சினை நாடு முழுவதும் 83,000 மைல்களுக்கு மேல் ஓட்டிக் காட்டியது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே உதிரிபாகங்கள். ஒரே டிரைவர் நான்கு பெட்டிகளையும் சேர்த்து இயக்கினார். சான்டா ஃபே ரயில்வேதான் முதலில் வாங்கியது. அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனத்தில் நீராவி எஞ்சின்களின் தாகத்துக்கே தனியாகத் தண்ணீர் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தச் செலவு மொத்தமும் மிச்சம் என்றால் வேறு என்ன யோசனை வேண்டியிருக்கிறது?

போர்க்காலக் கட்டுப்பாடு பற்றி: யார் எதைக் கட்டலாம் என்று அரசின் போர் உற்பத்தி வாரியம் பங்கிட்டது உண்மை. நெடும்பாதைச் சரக்கு டீசல் எலக்ட்ரோ-மோட்டிவின் கையில் இருந்தது. பால்ட்வினுக்கு நீராவியும், நிலையத்துக்குள் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷன்டிங் டீசலும். இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். எஃப்.டி. அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. இருந்த இடைவெளியைப் போர் பெரிதாக்கியது, அவ்வளவே.

என் மனம் ஆறாதது ஆல்கோவை நினைத்துத்தான். டீசலில் அவர்கள் மும்முரமாகவே இறங்கினார்கள். போர் முடிந்த கையோடு வந்த, ரயில் எஞ்சினுக்குள் இருந்து அதை இயக்கும் 244 ரக டீசல் இயந்திரம் தொல்லை கொடுத்தது. அதைச் சரிசெய்து 251ஐக் கொண்டுவருவதற்குள் வாடிக்கையாளர்கள் கைநழுவிவிட்டார்கள். கூட்டாளியாக மின்கருவிகள் கொடுத்துவந்த ஜெனரல் எலக்ட்ரிக்கே போட்டியாளராக வந்து நின்றது. 1969இல் ஆல்கோவின் எஞ்சின் உற்பத்தி முடிந்தது.

அந்த 251ஐ நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் ஈரோடு ஷெட்டில் நின்ற டபிள்யூ.டி.எம்.-2 ரக டீசல் எஞ்சின்களுக்குள் உறுமியது அதுதான். ஆல்கோவின் வடிவமைப்பை வாங்கி வாரணாசி தொழிற்சாலை 1964இல் கட்டத் தொடங்கியது. தாய் நிறுவனம் போன பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே 251 உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. பால்ட்வினுக்கும் நம்மோடு தொடர்பு உண்டு: 1947இல் இந்தியாவுக்கு வந்த முதல் 16 டபிள்யூ.பி. ரக நீராவி எஞ்சின்கள் அவர்கள் கட்டியவை. அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்