பெல்ட் அறுந்த ஆக்டேவியா – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என்னிடம் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். (ஆக்டேவியாவின் வேகமான ரகம்) இருக்கிறது. 2016 தொடக்கத்தில் சென்னை பெசன்ட் நகரில் ஒருவரிடம் வாங்கியது. போன மாதம் பெரம்பலூர் தாண்டி வரும்போது டைமிங் பெல்ட் அறுந்து இன்ஜின் நின்றுவிட்டது. வால்வுகள் வளைந்துவிட்டன, அவை உட்கார்ந்திருக்கும் ஹெட்டை இறக்கிச் சரிசெய்ய 1.6 லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். அப்படியே கொடுத்தால் 70,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். ‘எழுபதாயிரம் பெறும் வண்டிக்கு இவ்வளவு செலவா?’ என்று மனைவி கேட்கிறார். இருப்பது இந்த ஒரு கார்தான். மகளுக்கு நான்கு வயது. விற்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

சே., திருச்சி

அன்புள்ள சே.,

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எழுபதாயிரம் என்பது ஓடாமல் நிற்கும் காரின் விலை. அதோடு ரிப்பேர் செலவை வைத்துப் பார்த்தால் எந்தப் பழைய காரும் தேறாது. இதைக் கொடுத்துவிட்டு இதே ஓட்டம் உள்ள இன்னொன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். உங்கள் காருக்கு 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைசக்தி, மேனுவல் கியர். ஸ்கோடாவின் இன்றைய ஸ்லாவியா 1.5 டர்போவிலும் அதே 150தான், ஆனால் புதிதாக எடுக்க 15 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மலிவாகக் கிடைக்கும். அதன் சக்தி 105. அதிலுள்ள டி.எஸ்.ஜி. என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் மக்கர் செய்தால், அந்த ஒரு பில்லே உங்கள் எஸ்டிமேட்டைத் தாண்டக்கூடும்.

அதற்காக உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறார்கள், உங்கள் மெக்கானிக் உட்பட. நான் பயப்படுவது பாடியை நினைத்துத்தான். கார் இருந்த இடம் பெசன்ட் நகர், கடல் காற்று. வாங்கிய நேரமோ 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு. இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். உள்ளே அரித்துப்போன பாடியை டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்து மூடத்தான் முடியும், பழைய உறுதி திரும்பாது.

ஆகவே ஹெட்டைத் தொடும் முன் வண்டியை ரேம்பில் ஏற்றச் சொல்லுங்கள். நீங்களும் கூட நில்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, முன் சஸ்பென்ஷன் ஏறி உட்காரும் இடம், இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது. பொத்தென்று அமுங்கினால், மேலே அடித்த கறுப்புப் பூச்சுக்குள் துருதான் இருக்கிறது. அப்புறம் முன் சீட்டுகளைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தின் இடுக்கில் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறதா, ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

பாடி தேறினால் இன்ஜினுக்கு வரலாம். உங்கள் இன்ஜினில் சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் கொஞ்சம் சுற்றும், பிஸ்டன் ஏறி வந்து திறந்து நிற்கும் வால்வுகளை இடிக்கும். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு மட்டும் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். விரிசல் தெரிந்தால் செலவு வேறு கணக்கு.

பெல்ட் ஏன் அறுந்தது என்பதையும் கேளுங்கள். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையையும் பம்ப்பையும் கழற்றிய பிறகு கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் குற்றவாளி அங்கேதான். புதிய பம்ப் உலோக இறக்கை கொண்டதாக இருக்கட்டும். பழையதில் வந்த பிளாஸ்டிக் இறக்கை வெப்பத்தில் உடையும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பையும் இறக்கி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கசடு அடைத்திருந்தால் டர்போ பல நாளாக எண்ணெய் போதாமல் ஓடியிருக்கிறது. டர்போவின் தண்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னுமாக நகர்ந்தால் டர்போவுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்தால் 1.6 லட்சம் இரண்டைத் தாண்டும். இருபது வயதுக் காரின் சஸ்பென்ஷன் புஷ், பிரேக், டயர் தனி. இவை தேய்ந்த நிலையில் 150 குதிரைகளை மட்டும் மீட்டெடுப்பது ஆபத்து. ஹெட் வெளியே இருக்கும்போதே பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த இ-20 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் பாகங்களை நம்பி ஓட்ட முடியாது. ஆர்.சி. எந்த நிலையில் இருக்கிறது? இருபது வருடம் கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது.

யாராவது பழைய இன்ஜினைத் தூக்கி வைத்துத் தருகிறேன் என்றால் அவசரப்படாதீர்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாவிட்டால் விபத்தின்போது இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும்.

சரி, என் அபிப்பிராயம். பாடி நன்றாக இருந்தால் செய்யுங்கள். இந்தக் கார் அதற்குத் தகுதியானது. இந்த இன்ஜின் குடும்பம் கோல்ஃப், பஸாட், ஆடி டி.டி. என்று பல கார்களில் ஓடியதால் இன்ஜின் ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது. ஆனால் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக இதை மட்டும் நம்பாதீர்கள். ஹெட்லைட், ஆர்.எஸ். பம்பர் மாதிரி இந்தக் காருக்கே உரியது ஒன்று போனால் வாரக்கணக்கில் நிற்கும். தினசரிக்குச் சின்னதாக இன்னொரு கார் எடுக்க வசதி இல்லையென்றால் நான் உங்கள் மனைவி பக்கம். பிள்ளைக்கு ஆறு ஏர்பேக்கும், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் உள்ள கார்தான் முதலில்.

அப்படி விற்பதானாலும் எழுபதாயிரத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். வேறு ஆர்.எஸ். வைத்திருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அந்த பம்பரும் சீட்டும் கியர்பாக்ஸும் அவர்களுக்குத்தான் தேவை. பழைய பில்களைத் தூக்கிப் போடாமல் அவர்களிடம் காட்டுங்கள்.