போனைப் பிடுங்கலாமா?

கேள்வி: என் மகன் காரைக்குடியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எந்நேரமும் இன்ஸ்டாகிராம்தான். போன செமஸ்டரில் இரண்டு அரியர். இதற்காகவா வள்ளல் அழகப்பர் கல்லூரி கட்டினார்? போனைப் பிடுங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: அழகப்பரை விடுங்கள் ஆச்சி. 1947-இல் அவர் கல்லூரி தொடங்கிய காலத்திலும் தேறாத பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அன்றைக்குப் பழி சினிமாக் கொட்டகை மேல் விழுந்திருக்கும்.

போனைப் பிடுங்கினால் அரியர் நாலாகும், அவ்வளவுதான். இன்டர்னல் தேதி, அசைன்மென்ட், ஹால் டிக்கெட் விவரம் எல்லாம் இப்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தானே வருகிறது?

எத்தனை மணி நேரம் என்பதைவிட, என்ன செய்கிறான் என்று பாருங்கள். அமெரிக்காவில் ரெய்னால் ஜங்கோ என்பவர் 2012-இல் கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் பழக்கத்தை ஆராய்ந்தார். அதிலேயே கிடந்தவர்களுக்கு மார்க் குறைவுதான். ஆனால் லிங்க், தகவல் என்று பகிர்ந்துகொண்டவர்களுக்குக் கூடுதல். ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அடி.

அடுத்த ஆண்டு லாரி ரோசன் குழுவினர், பள்ளி, கல்லூரி மாணவர்கள் 263 பேர் படிப்பதைக் கூடவே இருந்து 15 நிமிடம் கவனித்தார்கள். ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தும், சராசரியாக ஆறு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்குள் கவனம் வேறெங்கோ தாவிவிட்டது. உங்கள் பையனும் ராத்திரி மூன்று மணி நேரம் புத்தகத்தோடு உட்காரலாம். நடுவில் ரீல்ஸ் புகுந்துகொண்டே இருந்தால் அதில் படிப்பு எவ்வளவு?

சரி, என்ன செய்யலாம்? படிக்கிற நேரத்தில் போன் வீட்டு முகப்பில் இருக்கட்டும், பையன் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கட்டும். நம் செட்டிநாட்டு வீட்டு நீளம் இதற்காவது உதவட்டுமே. உங்கள் போனும் முகப்புக்குப் போகலாம். இந்தக் கேள்வி எங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது இரவு 11.50-க்கு.

அப்புறம் ஒன்று. போனால் மார்க் குறைந்ததா, பாடம் ஏறாததால் போனுக்குள் போய் ஒளிகிறானா? ஜங்கோவின் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. இரண்டும் சேர்ந்திருந்தன என்று மட்டுமே சொல்லும். பையனைத்தான் கேட்க வேண்டும். அரியர் எந்தப் பேப்பரில்? பிளஸ் டூ முடித்ததும் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது அவனா, வீட்டுப் பெரியவர்களா? உங்கள் கேள்வியில் இன்ஸ்டாகிராம் இருக்கிறது, அழகப்பர் இருக்கிறார். பி.எஸ்சி.யில் அவன் என்ன பாடம் படிக்கிறான் என்பதைத்தான் காணோம்.